மண்ணும் பலகையும்

குஸ்தி கற்க வரும் பையன்கள் முதல் நாளே பிடி சொல்லித்தரச் சொல்வார்கள். நான் மண்வெட்டியைக் கொடுப்பேன். கோதா மண்ணை அரை முழ ஆழம் கொத்திப் புரட்டி, கல் பொறுக்கி, மஞ்சள்தூளும் எண்ணெயும் மோரும் விட்டுக் கலக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்கணும். விரலால் தட்டினால் உதிரணும். அந்தப் பதம் என் கைக்கு வர இரண்டு வருஷம் ஆனது.

மல்லர் தாராசிங்கும் மண்ணில் உருண்டு வளர்ந்தவர்தான். அமிர்தசரஸ் பக்கம் தர்மூசக் கிராமம், 1928-இல் பிறப்பு. ராமாயணத் தொடரில் அனுமாராக அவரைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோளும் கழுத்தும் நினைவிருக்கும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 1947-இல் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போய், டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, கிரேட் வேர்ல்ட் அரங்கில் ஹர்னாம் சிங்கிடம் மாணவராக நின்றாரே, அதுதான். மண்ணுக்குப் பழகிய உடம்பை மேடைக்குத் திருப்புவது லேசான காரியமில்லை.

மண் உடம்பை வாங்கிக்கொள்ளும். மேடையில் கான்வாஸுக்குக் கீழே இருப்பது பலகை. மண்ணில் எதிராளியின் இரண்டு தோளும் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. மேடையில் மூன்று எண்ணும்வரை அமுக்கி வைத்திருக்க வேண்டும். அவன் கயிற்றைத் தொட்டுவிட்டால் பிடியை விட வேண்டும். விழாமல் இருக்கவே பத்து வருஷம் பழகியவன், மேடைக்கு வந்ததும் விழுவதைத் தனி வேலையாகக் கற்க வேண்டியிருக்கிறது.

எனக்கு அது தெரியவில்லை. முதல் தடவை மேடையில் எதிராளி இடுப்புப் போட்டு என்னைத் தூக்கி எறிந்தபோது, மண்ணில் செய்கிற மாதிரி உள்ளங்கையைப் பின்னால் ஊன்றினேன். மணிக்கட்டு போய்விட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

வாத்தியார் திட்டவில்லை. கட்டுப் பிரித்த மறுநாள் என்னைக் குந்த வைத்து, நெற்றியில் ஒற்றை விரலால் தள்ளினார். "முகவாயை நெஞ்சோட ஒட்டுடா. மூச்சை விட்டுக்கிட்டே விழு. கை தரையைத் தேடக் கூடாது. முதுகு படறப்பவே ரெண்டு கையும் பக்கத்துல தட்டணும்." தினம் நூறு தடவை. முதல் மாதம் முழுக்க என் பின்தலைக்குக் கீழே அவர் உள்ளங்கை இருந்தது. முகவாய் ஒட்டாத ஒவ்வொரு தடவையும் என் தலை அந்தக் கையில்தான் இடித்தது. அவர் விரல் முட்டிகள் கன்றிப்போயிருந்ததை ஒருநாள் சாப்பிடும்போதுதான் கவனித்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தூக்குவதும் அப்படித்தான். தாராசிங் 130 கிலோவை ஒட்டியவர். அவரோடு மோதிய மல்லர் கிங்காங் 200 கிலோவை ஒட்டியவர். அப்படிப்பட்ட ஆளை முதுகால் தூக்கப் பார்த்தால் முதுகெலும்பு தாங்காது. அவன் எடை முன்னங்காலுக்கு மாறுகிற நொடிக்குக் காத்திருக்கணும். உன் இடுப்பு அவன் தொப்புளுக்குக் கீழே போகணும். அப்புறம் தொடை தூக்கும். பஸ்கி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். தண்டாலைக் குறைத்தாலும் பஸ்கியைக் குறைக்க நான் விடமாட்டேன்.

1954-இல் ருஸ்தம்-இ-ஹிந்த், 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டம் என்று பட்டங்களைப் பையன்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1968-இல் பம்பாயில் அமெரிக்க மல்லர் லூ தெஸ்ஸோடு மோதியதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். தெஸ்ஸுக்கு அப்போது 52 வயது, இவருக்கு 39. தாராசிங் 1983-இல் டெல்லியில் ஓய்வுபெற்றபோது 54. மேடைக் குஸ்தி எல்லாம் பேசிவைத்ததுதானே என்று யாராவது கேட்டால் நான் வாதாடுவதில்லை. அந்த வயதில் பலகையில் முதுகு பட விழுந்து எழுந்திருக்கிற கழுத்தைப் பேசி வரவழைக்க முடியாது. தினம் காலையில் தலையையும் பாதத்தையும் ஊன்றிப் பாலம் போட்டு, மூச்சை எண்ணிக்கொண்டு நின்றால் வரும். நான் இப்போதும் போடுகிறேன், எண்ணிக்கைதான் குறைந்துவிட்டது.

உனக்கு இன்னும் மூன்று மாதம் பிடி கிடையாது, தம்பி. நாளைக்கு வரும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா. மண்வெட்டி கதவுக்குப் பின்னால் இருக்கிறது.