காகிதத்தில் மலர்ந்த காந்தள்

மலரை விரும்பாத மனிதர் உண்டோ? தொட்டிலில் பூ, மணவறையில் பூ, இறுதி ஊர்வலத்திலும் பூ என்று நம் வாழ்வு முழுவதும் பூவோடு பிணைந்தது. அதிலும் திருவண்ணாமலையில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்! தேரடி வீதியில் நடந்தால் சாமந்தியும் மல்லிகையும் கதம்பமும் கூடை கூடையாக நம்மை வரவேற்கும். கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டால், 2,668 அடி உயர மலைமேல் கொப்பரை ஏறுவதற்கு முன்பே பூவின் விலை ஏறிவிடும்!

தீபத் திருநாளை ஒட்டியே கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலமும் வருகிறது. அந்நாள்களில் நம் கைவேலை வகுப்பில் வாழ்த்து அட்டைகள் செய்வோம். காலையில் மலர்ந்த பூ மாலையில் வாடிவிடும். அதை அட்டையில் ஒட்டி அன்பர்க்கு அளிக்க இயலாது. அங்கேதான் காகிதப் பூ நமக்குக் கைகொடுக்கிறது.

“காகிதப் பூ மணக்குமா?” என்று சிலர் ஏளனமாகக் கேட்பதுண்டு. அது பொய்ப் பூ என்பது அவர்கள் எண்ணம். நம் ஊரில் இது சிறிய குற்றச்சாட்டு அன்று. சிவனின் முடியைக் காணாத பிரமனுக்காக, கண்டதாகச் சாட்சி சொன்ன தாழம்பூவின் கதையை இங்கே அறியாத குழந்தை இல்லை. அந்தப் பொய்யால் அது சிவபூசையில் இடம் இழந்தது என்பர். தாழம்பூ செய்த பிழை, காணாததைக் கண்டேன் என்றது. அப்படியானால், அசல் மலரைக் கூர்ந்து கண்டு, கண்டபடியே செய்யப்படும் காகிதப் பூவைப் பொய் என்று எவ்வாறு சொல்வது?

இக்கலை கன்னியர் மடங்களுக்குப் புதிதன்று. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சு, இத்தாலி நாட்டுக் கன்னியர்கள், புத்தகங்களின் பொன்முலாம் பூசிய ஓரங்களை மெல்லிய பட்டைகளாக வெட்டினர். அவற்றைப் பறவை இறகின் தண்டில் சுருட்டி, புனிதர்களின் திருப்பண்டப் பேழைகளையும் திருப்படங்களையும் அணிசெய்தனர். பொன் வாங்க வசதியில்லாத கைகள் படைத்த காணிக்கை அது! இறகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே ‘குவில்லிங்’ என்ற பெயர் வந்தது. இன்று நாம் காதணி செய்து மகிழும் குவில்லிங் அதுவே.

இங்கிலாந்தில் மேரி டெலானி என்னும் அம்மையார், 1772-ஆம் ஆண்டு வாக்கில், தம் 72-ஆம் வயதில் வண்ணக் காகிதங்களைக் கத்தரித்துக் கறுப்புத் தாளின்மேல் ஒட்டி மலர்களைப் படைக்கத் தொடங்கினார். செடியைக் கண்முன் வைத்து, அதன் உறுப்புகளை நுணுகி நோக்கியே கத்தரிப்பார். கண் பார்வை மங்கும்வரை, பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் மலர்களைச் செய்து முடித்தார். இன்று அவை இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. இவரே எனக்கு வழிகாட்டி.

நான் தேர்ந்தெடுத்தது செங்காந்தள். நம் தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசைப்படுத்தும் மலர்களில் முதலிடம் பெற்றதும் இதுவே. இலங்கைத் தமிழர் இதனைக் கார்த்திகைப் பூ என்பர். தீபச் சுடர் போலவே இதன் இதழ்கள் மேல்நோக்கி எழுந்து நிற்கும். ஆனால் செடி முழுவதும் நஞ்சு! கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் நச்சுப்பொருள் மிகுதி. ஆகவே பறித்துப் பரிசளிக்க ஏற்றதன்று. காகிதத்தில் செய்து அளிக்கவோ இதைவிட ஏற்ற மலர் இல்லை.

தீபாவளி விடுமுறைக்குச் செங்கம் பக்கம் உள்ள எங்கள் கிராமத்துக்குச் சென்றபோது, வேலியில் படர்ந்த காந்தள் கொடியின் அருகே மூன்று மாலைகள் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்தேன். பூ தலைகவிழ்ந்து தொங்குகிறது. அதன் ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலே எழுகின்றன. ஆறு மகரந்தத்தாள்களும் சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுற்றிலும் விரிகின்றன. சூல்தண்டு பக்கவாட்டில் மடிந்து நிற்கிறது. பசுமஞ்சளாக விரியும் பூ நாளாக ஆகச் சிவக்கிறது. இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கொடியைத் தாங்குகிறது. எத்தனையோ முறை கடந்து சென்ற வேலியில் இத்தனை புதுமைகள்!

இனிச் செய்முறையைச் சொல்கிறேன். கிரேப் காகிதத்தில் நுண்ணிய சுருக்கக் கோடுகள் ஒரே திசையில் ஓடும். ரோஜா இதழ் வெட்டும்போது அக்கோடுகள் நீளவாக்கில் அமைய வேண்டும். நடுவில் இரு கட்டைவிரல்களால் மெல்ல விரித்தால் இதழ் கிண்ணம் போல் குழியும். காந்தளுக்கோ கோடுகள் குறுக்குவாக்கில் அமைய வேண்டும். மஞ்சள் காகிதத்தில் 6 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் உள்ள ஆறு இதழ்களை வெட்டி, ஒவ்வொன்றின் பின்புறமும் நடுவே மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டுங்கள். பசை காய்ந்தபின் இதழின் ஓரங்களை மட்டும் விரல் நுனிகளால் சிறிது சிறிதாக இழுங்கள். அழகிய அலைகள் தோன்றும்! ஓரம் நடுப்பகுதியைவிட நீண்டுவிட்டால் அது நெளிந்துதானே ஆக வேண்டும்? உண்மை இதழிலும் ஓரம் மிகுதியாக வளர்வதே நெளிவுக்குக் காரணம்.

பிறகு ஈரம் குறைந்த தூரிகையால் இதழின் மேற்பகுதிக்குச் சிவப்பு தீட்டுங்கள். மஞ்சள் நூல் சுற்றிய ஆறு கம்பிகள் மகரந்தத்தாள்கள். அவற்றின் நுனியில் சிறு காகிதத் துணுக்கைக் குறுக்காக ஒட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரு தடித்த கம்பியில் நூலால் கட்டி, பச்சைக் காகிதப் பட்டையைச் சுற்றிக் காம்பாக்குங்கள். இறுதியில் காம்பின் கழுத்தை வளைத்துப் பூவைத் தலைகவிழச் செய்யுங்கள். அட்டையின் உட்புற ஓரங்களில் தடித்த அட்டைப் பட்டைகளை அடுக்கி ஒட்டிவிட்டால், மூடும்போது பூ நசுங்காது.

அஞ்சல் உறையில் வைக்க எளிய பூவும் உண்டு. சதுரக் காகிதத்தை மூன்று முறை மடித்து, நுனியை வளைவாக வெட்டி விரித்தால் எட்டு இதழ்கள். ஒன்றை நீக்கி, இடைவெளியின் இருபுறத்து இதழ்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால், தட்டையான தாள் ஆறிதழ்க் கிண்ணமாக எழும்பும். அதை மடித்து அட்டையின் இரு பக்கங்களிலும் ஒட்டிவிட்டால், அட்டையைத் திறக்கும்போது பூவும் திறக்கும்.

நான் செய்த காந்தள் என் ஆயாவுக்கு உரியது. எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். முப்பது ஆண்டுகளாகப் பூக்கட்டி விற்பவர் அவர். நாளெல்லாம் மடி நிறைய மல்லிகை; ஆனால் தாத்தா இறந்த நாள் முதல் ஒரு பூவும் அவர் தலையில் ஏறியதில்லை. விழாக்களில் எல்லாருக்கும் பூ கொடுப்பவர்கள் ஆயாவைத் தாண்டிச் சென்றுவிடுவார்கள். இந்த வழக்கத்தை என் மனம் ஏற்கவில்லை; ஆயினும் ஆயாவின் மனம் நோகக்கூடாதே! “காகிதமானாலும் பூ பூதானே, கொடுக்காதே” என்றார் உறவினர் ஒருவர். “வெறும் காகிதம், அதை யார் பூ என்பார்கள்?” என்றார் இன்னொருவர். பூ என்றால் கொடுக்கலாகாது. பூ இல்லை என்றால் கொடுத்துப் பயனில்லை!

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அட்டையைக் கொடுத்தேன். ஆயா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கித் திறந்தார். சிறிது நேரம் பேசவில்லை. பூக்கட்டிப் பழகிய விரலால் இதழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

“கலப்பைக் கிழங்குப் பூவாச்சே இது! ஆறு எதழு… தலை கவுந்துதான் நிக்கும். எங்க கண்ணு பாத்த?”

“நம்ம வேலியிலதான் ஆயா.”

“இது யாருக்கு?”

“உனக்குத்தான் ஆயா.”

“எனக்கா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அந்த அட்டை, அவர் தலைவாரும் சிறிய கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றது. பக்கத்து வீட்டு அம்மா அதைக் காட்டி “என்னா அது?” என்றபோது, ஆயா தயங்காமல், “எம் பேத்தி குடுத்த பூ” என்றார்.

அவர் அதைப் பூ என்றே சொன்னார்! மணம் இல்லை, தேன் இல்லை. ஆனால் அவர் அறிந்த பூவை நானும் நின்று பார்த்திருக்கிறேன் என்பதை அந்த ஆறு இதழ்களும் கவிழ்ந்த தலையும் அவருக்குச் சொல்லிவிட்டன.

அன்புத் தோழியரே! விழாக்களில் பூக்கூடை தாண்டிச் செல்லும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். படுக்கையில் இருக்கும் தாத்தாவாக, தொலைவில் பணிபுரியும் தந்தையாக, தனித்து வாழும் அத்தையாக இருக்கலாம். வரும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவருக்கென்று ஒரு பூ செய்யுங்கள். ஆனால் கத்தரிக்கோலை எடுக்குமுன், அசல் பூவின் அருகே சற்று நேரம் அமர்ந்து அதன் இதழ்களை எண்ணுங்கள்.