சிவப்பு எண்ணெய்

எங்களிடம் இருப்பது 1998ஆம் வருடத்து டொயோட்டா காம்ரி. நான்கு சிலிண்டர், ஆட்டோமேடிக் கியர், ஓடிய தூரம் 1,83,000 மைல். வரும் ஆகஸ்டில் மகள் இதை எடுத்துக்கொண்டு நியூஜெர்சியிலிருந்து பிட்ஸ்பர்க்கில் உள்ள கல்லூரிக்குப் போகிறாள். வழியில் அலெகெனி மலைகள். குளிர்கால இரவில் அந்த ஏற்றத்தில் நின்றுபோன வண்டிக்குள் அவளை நினைத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. சில மாதங்களாக இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறும்போது ஒரு சிறு உதறல் இருந்தது. டிரான்ஸ்மிஷன் ஆயிலை மாற்றிவிடலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "இத்தனை மைல் ஓடிய பிறகு அதைத் தொடாதீர்கள். தொட்டால் வண்டி போய்விடும்" என்றார். காய்ச்சல்காரனுக்குத் தலைக்கு ஊற்றாதே என்று எங்கள் பாட்டி சொல்வாளே, அதே குரல்.

கார் வைத்திருப்பவர்களிடையே வெகுகாலமாகப் புழங்கும் அறிவுரை இது. அதை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. அந்த எண்ணெய் செய்யும் வேலை சாதாரணமானதல்ல. ஆட்டோமேடிக் காரில், நெடுஞ்சாலை வேகம் வரும்வரை, என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே திடமான பிணைப்பே கிடையாது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றின் காற்று மற்றதைச் சுழற்றுவதுபோல, என்ஜின் எண்ணெயைச் சுழற்ற, எண்ணெய் கியர்பெட்டியைச் சுழற்றுகிறது. கியர்கள் மாறுவதும் அந்த எண்ணெயின் அழுத்தத்தால்தான். பற்சக்கரங்களுக்கு அது வழவழப்பைத் தர வேண்டும். கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று கவ்வும் இடத்தில் வழுக்கவும் கூடாது. வழுக்கலும் பிடிப்பும் ஒரே திரவத்திடம் எதிர்பார்க்கப்படுகின்றன. கார் என்ஜின் ஆயிலிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

பழைய எண்ணெயில் மிதக்கும் கிளட்ச் துகள்கள்தாம் தேய்ந்த தகடுகளுக்குப் பிடிப்புத் தருகின்றன, புதிய எண்ணெய் அவற்றைக் கழுவிவிடும் என்பது மெக்கானிக்குகளின் வாதம். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். பலருக்கு எண்ணெய் நினைவுக்கு வருவதே கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான். அப்போது மாற்றுகிறார்கள், அடுத்த மாதம் வண்டி படுத்துவிடுகிறது, பழி புது எண்ணெயின் மேல் விழுகிறது. எங்கள் வண்டி உதறியதே தவிர வழுக்கவில்லை. டிப்ஸ்டிக்கை வெள்ளைக் காகிதத்தில் ஒற்றிப் பார்த்தேன்: பழுப்பு, ஆனால் கருகிய வாசனை இல்லை, உலோகப் பொடி இல்லை. (நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. அந்தச் சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறிவதற்காக இட்டது, சீக்கிரமே மங்கிவிடும்.) மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

எதை ஊற்றுவது என்பதில்தான் சுவாரஸ்யம். கையேடு 'டெக்ஸ்ரான் 3' என்கிறது. டெக்ஸ்ரான் ஜெனரல் மோட்டார்ஸின் வணிகப் பெயர். டொயோட்டாவுக்கு அது இரவல் சொல். 1993இல் வந்த டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் வழங்குவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006இல் நிறுத்திவிட்டது. அதன் இடத்துக்கு வந்த டெக்ஸ்ரான் 6 சற்று நீர்த்தது. ஆக, கையேட்டில் உள்ள சொல்லுக்கு இன்று பொறுப்பேற்பவர் யாருமில்லை. 'டெக்ஸ்ரான் 3 கேட்கும் வண்டிகளுக்கு ஏற்றது' என்று எழுதிய டப்பாக்கள் கடைகளில் இருக்கின்றன. அது தயாரிப்பாளரின் வாக்கு, அவ்வளவே. பழைய சுவடியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புரியும்: மூலச்சொல் வழக்கொழிந்துவிட்டது, உரையாசிரியர்கள் மட்டும் பலர். அவர்களில் ஒருவரை நம்பி வாங்கினேன்.

அந்தப் பெயரின் பூர்வீகத்தைத் தேடப்போய்த் திமிங்கிலத்தில் முட்டிக்கொண்டேன். 1960களின் பிற்பகுதியில் வந்த முதல் டெக்ஸ்ரானில் வழுக்கலையும் பிடிப்பையும் சமன்செய்து தந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். 1851இல் வெளியான மெல்விலின் 'மோபி டிக்'கில் ஆகாப் துரத்திப்போகும் அதே இனம். 1859இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு தோண்டியதும் திமிங்கிலம் பிழைத்தது என்று ஒரு கதை சொல்வார்கள். விளக்குகளிலிருந்து வெளியேறிய அதன் எண்ணெய் கியர்பெட்டிக்குள் குடியேறியது. ஸ்பெர்ம் திமிங்கில வேட்டை உச்சத்தைத் தொட்டதே 1960களில்தான். 1970இல் அமெரிக்கா அதை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்து இறக்குமதியைத் தடுத்தது. பின்னர் வந்த டெக்ஸ்ரான் 2இன் முதல் வடிவம் ஆயில் கூலரின் பற்றவைப்பை அரித்தது. அதைத் திருத்த இன்னொரு வடிவம் தேவைப்பட்டது. பாலைவனச் செடியான ஹொஹோபாவின் விதை மெழுகைக்கூட மாற்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். நாவலை வாசித்தபோது அந்த வேட்டை ஏதோ பழங்காலத்துச் சங்கதி என்றே நினைத்திருந்தேன். என் அப்பாவின் வயதுக்காரர்கள் ஓட்டிய கார்கள்வரை அது வந்திருக்கிறது.

வேலை என்னவோ எளிதுதான். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் 2.5 லிட்டர்தான் இறங்கும். மொத்தக் கொள்ளளவு 5.6, மீதி டார்க் கன்வர்ட்டரில் தங்கிவிடும். இயந்திரம் வைத்து முழுவதையும் அழுத்தித் தள்ளும் 'ஃபிளஷ்' பழைய வண்டிக்கு வேண்டாம் என்பது என் கட்சி. சில வார இடைவெளியில் மூன்று முறை வடித்து ஊற்றினால் பழையது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும், மாற்றமும் மெல்ல நிகழும். வடிந்ததை அளந்து அதே அளவு புதியதை, நீண்ட புனல் வைத்து டிப்ஸ்டிக் குழாய் வழியே ஊற்ற வேண்டும். வண்டி சூடேறியபின், எல்லாக் கியரிலும் ஒருமுறை போட்டெடுத்து 'பி'யில் நிறுத்தி, என்ஜின் ஓடும்போதே அளவு பார்க்க வேண்டும். மூன்றாவது முறை மகளே ஸ்டாண்டில் ஏற்றிய வண்டிக்கடியில் போய்ப் போல்ட்டைக் கழற்றினாள். உதறல் அதற்கு முன்பே, இரண்டாவது முறையில், பெருமளவு அடங்கிவிட்டிருந்தது.

ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் டிபரன்ஷியலுக்குத் தனி அறை, தனிப் போல்ட். அதே எண்ணெய், 1.6 லிட்டர். கியர்பெட்டியை நிரப்பினால் இது நிரம்பாது, டிப்ஸ்டிக்கிலும் தெரியாது. எங்களுடையதிலிருந்து இறங்கியது கன்னங்கரேலென்று இருந்தது. 1998லிருந்து அந்தப் போல்ட்டை யாரும் திறந்த அடையாளமே இல்லை.