பதிலுக்கு வெட்டியது

டிசம்பர் 2, 2023

பாடிப் பெண் வைஷாலி செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டாள். தம்பி பிரக்ஞானந்தா முன்பே ஆகிவிட்டவன். அக்காவும் தம்பியும் சேர்ந்து இந்தப் பட்டம் வைத்திருப்பது உலகத்திலேயே இப்போதுதான். மகன் செய்தியை இரண்டு முறை வாசித்துக் காட்டினான். வெளியே மழை பிடித்துவிட்டது.

டிசம்பர் 6

மிக்ஜாம் புயல் போய்விட்டது, கரண்ட் வரவில்லை. எர்ணாவூர்த் தெருவில் நிற்பது வெறும் தண்ணீர் இல்லை, மேலே ஆயில். வடிந்த இடத்தில் சுவரெல்லாம் கறுப்புக் கோடு. நெட்டுக்குப்பத்து அண்ணன் வந்தார். படகு, வலை, கயிறு எல்லாவற்றிலும் கசடாம். மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கி, கொசஸ்தலை முகத்துவாரம் முழுக்கப் படர்ந்திருக்கிறது. "ஆத்துல கை வைக்க முடியலம்மா" என்றார். டீ குடித்துவிட்டு, "தம்பி, போர்டை எடு" என்றார்.

டிசம்பர் 7

இன்று மூன்று ஆட்டம். மூன்றிலும் அண்ணனுக்குக் கறுப்பு, மூன்றிலும் அதே பள்ளம். வெள்ளை தன் ராஜாச் சிப்பாயைத் தள்ளுகிறது, கறுப்பும் தள்ளுகிறது. வெள்ளை தன் குதிரையை வெளியே எடுக்கிறது, கறுப்பும் எடுக்கிறது. பெட்ரோவ் தற்காப்பு என்று இதற்குப் பெயர். அண்ணனுக்குப் பெயர் தெரியாது. வெள்ளைக் குதிரை நடுச் சிப்பாயை வெட்டியதும் இவரும் உடனே பதிலுக்கு வெட்டுகிறார். மகன் ராணியை ராஜாவுக்கு முன்னால் வைக்கிறான். அண்ணன் குதிரையைப் பின்னால் இழுக்கிறார். அவ்வளவுதான்: வெள்ளைக் குதிரை விலகும்போதே ராணியின் செக் திறக்கிறது, விலகிய குதிரை போய்த் தாக்குவது கறுப்பு ராணியை. ஐந்தாவது நகர்த்தலில் ராணி காலி.

"அவன் வெட்டினான், நானும் வெட்டினேன். இதுல இன்னாம்மா தப்பு?"

கேள்வி நியாயமானது. கணக்குக்குச் சரிக்குச் சரிதான். ஆனால் முதலில் வெட்டியவனின் குதிரை இன்னும் நம் நடுவிலேயே நிற்கிறது. ராணிச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அதை விரட்டிவிட்டு, அப்புறம் வெட்ட வேண்டும். சொன்னேன். தலையாட்டினார். நான்காவது ஆட்டத்துக்கு மெழுகுவர்த்தி இல்லை.

டிசம்பர் 9

கரண்ட் வந்தது. கைப்பம்பில் வருவது குடிக்க ஆகாது.

டிசம்பர் 13

மகன் நவம்பரில் பள்ளிப் போட்டியில் ஆடிய ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பிரித்தோம். ஒரே நகர்த்தலில் மேட் இருந்தது. அதை விட்டுவிட்டு எதிரியின் ராணியை வெட்டினான். பிறகு ஸ்டேல்மேட், அரைப் புள்ளி. செல்போனில் போட்டால் எஞ்சின் ஒரு நொடியில் காட்டுகிறது. அதற்கு நான்கு நகர்த்தலுக்கு முன்பே இன்னொரு மேட் இருந்ததையும் சேர்த்துக் காட்டுகிறது. பையன் முகம் சுருங்கிவிட்டது.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இருந்துச்சுன்னு சொல்லுது சரி. இவன் ஏன் பார்க்கலன்னு சொல்லுமா?" என்றார்.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பலகையில் அடுக்கினோம். மேட் கொடுக்க வேண்டிய ராணிக்குக் காவல் ஒரு குதிரை. ஓரத்தில், போகவும் வழியில்லாமல் நிற்கிறது. "அது ஆட்டத்துலயே இல்லன்னு நெனச்சேம்மா" என்றான். நான் அவனுக்கு கிராம்னிக்கைச் சொன்னேன். 2006 நவம்பர் 27, பான் நகரம், எதிரே டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினி. உலக சாம்பியன் நிதானமாக யோசித்து ராணியை நகர்த்தினார். அடுத்த நகர்த்தலில் அவருக்கே மேட். அங்கேயும் வெள்ளை ராணிக்குக் காவல் நின்றது கடைசி வரிசைக் குதிரைதான். குதிரை அந்த வரிசையில் நின்று மேட்டுக்குத் துணை போவது அபூர்வம், கண்ணுக்குப் பழக்கமில்லை. பையன் கொஞ்சம் சாப்பிட்டான்.

டிசம்பர் 17

நெட்டுக்குப்பம் ஆட்கள் பக்கெட்டாலும் மக்காலும் ஆயிலை அள்ளுகிறார்கள். அண்ணன் கை தோல் உரிந்திருக்கிறது. எனக்குக் கோபத்தில் தூக்கம் இல்லை.

டிசம்பர் 21

குகேஷ் ஜெயித்தான்! சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜுன் எரிகைசியோடு சம புள்ளி, டைபிரேக்கில் முதலிடம். கேண்டிடேட்ஸ் வாசல் வரை வந்துவிட்டான். பதினேழு வயது. வீட்டில் பாயசம்.

டிசம்பர் 24

நிவாரணம்: பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500, படகுக்கு 10,000. "வாங்கிக்கிறேன். ஆத்துல நிக்கிறதை யாரு வெளியேத்துறது?" என்று கேட்டார் அண்ணன்.

டிசம்பர் 27

நேற்றுக் காலையில் சுனாமி நினைவு நாளுக்குப் பாலூற்றினார்கள். இரவு பன்னிரண்டு ஆகும்போது கண் எரிந்தது. அமோனியா. பையனை இழுத்துக்கொண்டு திருவொற்றியூர்ப் பக்கம் ஓடினோம். நாற்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். எதிர்வீட்டுப் பாட்டிக்கு இன்னும் மூச்சு இழுக்கிறது.

அண்ணன் பெரியகுப்பம் போய்விட்டு மத்தியானம் வந்தார். "எல்லாரும் உர ஆலையையே பாத்துக்கினு இருந்தோம். கடலுக்குள்ள போற பைப்புலேருந்து வந்திருக்கு" என்றார். பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 3, 2024

ஆலைக்கு எதிரான போராட்டப் பந்தலில் பெண்கள்தான் அதிகம். நானும் உட்கார்ந்தேன்.

ஜனவரி 7

அண்ணன் கறுப்பே கேட்டார். இந்த முறை விரட்டிவிட்டுத்தான் வெட்டினார். முப்பது நகர்த்தல் தாண்டித்தான் தோற்றார். போகும்போது மகன் சொல்கிறான்: "மாமா அப்படி ஆடுவார்னா நாளைக்கு நான் குதிரையால வெட்டவே மாட்டேன். ராணிச் சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுவேன்." அதற்குக் கறுப்பு என்ன செய்வது? அண்ணன் படியிலேயே நின்றுவிட்டார். எனக்கும் சட்டென்று தெரியவில்லை.