ட்வீட்டர் கருகிய ராத்திரி

திருவிழாவில் மரத்து உச்சியில் கட்டுற குழாய் ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டு கேட்டிருக்கீங்களா? பண்ணைப்புரத்துக்காரர்ங்கிறதால எங்க கம்பம் பள்ளத்தாக்கில் அவருக்குத் தனி மரியாதை. ஆனா, அந்தக் குழாயில் குரல் மட்டும்தான் கணீர்னு வரும். அடியில் ஓடுற பேஸ் கிடார் வரவே வராது. அதை நான் முதன்முதலா கேட்டது சின்னமனூரில், சித்தப்பாவோட மைக் செட் கடையில், ஒரு பெரிய பாக்ஸில். அன்னிக்குப் பிடிச்சது கிறுக்கு!

காலேஜ் ரெண்டாம் வருஷம். சித்திரை மாசம், வீரபாண்டித் திருவிழா நேரம். சித்தப்பா பந்தல் பந்தலா அலைஞ்சுக்கிட்டிருந்தார். நான் கடையில் கிடந்த ஊஃபர் ஒண்ணு, ட்வீட்டர் ஒண்ணு எடுத்து சொந்தமா பாக்ஸ் செய்ய உட்கார்ந்துட்டேன்.

விஷயம் சிம்பிள். தடிச்ச சத்தம் ஊஃபருக்குப் போகணும், மெல்லிய சத்தம் ட்வீட்டருக்குப் போகணும். ஊஃபர் லைனில் ஒரு காயில், ட்வீட்டர் லைனில் ஒரு கண்டென்சர். ரெண்டே சாமான். இதுதான் ஃபர்ஸ்ட் ஆர்டர் க்ராஸ்ஓவர். 8 ஓம் ஸ்பீக்கர்களை 3000 ஹெர்ட்ஸில் பிரிக்க கண்டென்சர் சுமார் 6.6 மைக்ரோ ஃபேரட், காயில் சுமார் 0.42 மில்லி ஹென்றி. (ஸ்பீக்கர் முதுகில் எழுதியிருக்கிற 8 ஓம், ஓடும்போது 8-லேயே நிக்காது. அது தனிக்கதை.)

டிராயரில் கைக்குக் கிடைச்சது 47. பெருசு போட்டா சத்தம் நல்லா வரும்னு ஒரு நெனப்பு. ரெண்டு பாட்டு பிரமாதம். வால்யூமைத் திருகினேன். மூணாவது பாட்டில் லேசா கருகல் வாடை. ட்வீட்டர் மூச்சு நின்னுபோச்சு. மறுநாள் பந்தலுக்குப் போகவேண்டிய ஸ்பேர் அது!

சித்தப்பா வந்து மோந்து பார்த்தார். திட்டலை. "என்னடா போட்ட?" "47, சித்தப்பா." "அணைக்கட்டுன்னு நெனச்சியா? இது சரிவுடா."

அப்புறம்தான் பேப்பரை எடுத்தேன். 47 போட்டா, பிரிவு சுமார் 420 ஹெர்ட்ஸுக்கு இறங்கிடுது. பாடகரோட குரலில் பெரும்பகுதியை அந்தப் பொடி ட்வீட்டர் தலையில் ஏத்தியிருக்கேன்.

சரியான கண்டென்சர் போட்டாலும் 3000-க்குக் கீழே சட்டுனு நிக்காது. நீங்களே போட்டுப் பாருங்க: 3000-ல் ட்வீட்டருக்குப் பாதி பவர், 1500-ல் ஐந்தில் ஒரு பங்கு, 750-ல் கூடப் பதினேழில் ஒரு பங்கு. அதனால தாங்குற ட்வீட்டரா பார்த்து வாங்கணும்.

அப்படின்னா எதுக்கு இந்தச் சரிவு? மிச்சம் எங்கே போகுதுன்னு பாருங்க. ஊஃபருக்குப் பாதி, ஐந்தில் நாலு, பதினேழில் பதினாறு. எங்கே கூட்டினாலும் ஒண்ணு! பவர் மட்டுமில்ல, ரெண்டு பக்கமும் போற மின்னலையைக் கூட்டினாலும் ஆம்ப் அனுப்பின அலையே அச்சு அசலா வருது. செங்குத்தா வெட்டுற க்ராஸ்ஓவர்களில் பொதுவா இது கிடைக்காது. அந்தக் கணக்கைப் பார்த்து நான் தூங்கவே இல்லை.

விடிஞ்சதும் மெஸ் காசோட தேனிக்கு பஸ் ஏறி, புது ட்வீட்டர் வாங்கிக் கொடுத்தேன். பந்தலில் பாட்டு தப்பிச்சது, எனக்குத்தான் ஒரு மாசம் டீயும் பன்னும். திரும்பி வந்து பார்த்தா, 47 இருந்த டிராயர் மேல சாக்பீஸில் சித்தப்பா எழுதி வெச்சிருந்தார்: 'இன்ஜினீயர் தொடக் கூடாது.'