மகளின் கடல் தொட்டியும் சுட்ட மண்கல்லும்

மீன் வளர்ப்பைப் பற்றி ஒரு மௌலவி எழுதுவதா என்று சகோதரிகள் சிலர் சிரிக்கக்கூடும். சிரித்தாலும் பரவாயில்லை. இருபது வருடமாக நஹ்வும் ஸர்பும் படித்துக் கொடுக்கும் எனக்கு இந்தப் பாடத்தைப் படித்துத் தந்தவை இரண்டு கோமாளி மீன்கள். இரண்டும் மௌத்தாகிவிட்டன.

இளைய மகள் கேட்டாளென்று கடல் மீன் தொட்டி ஒன்று வாங்கினேன். உப்பைக் கரைத்து, மணலைப் பரப்பி, மூன்றாம் நாளே மீனை விட்டோம். "ஒன்றும் ஆகாது மௌலவி" என்றார் கடைக்காரர். ஒரு கிழமை போகவில்லை, சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் இரண்டும் மிதக்கின்றன. "வாப்பா, நாங்கதானே சாகடிச்ச?" என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

விசாரித்த பிறகுதான் விளங்கியது. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. ஒருவகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை, அவ்வளவு கெடுதியில்லாத நைத்திரேற்றாக மாற்றும். இவை பெருகுவதற்கு இடமும் வேண்டும், பல கிழமைகளும் வேண்டும். நாங்கள் கொடுத்தது மூன்று நாள்.

அந்த இடத்துக்காகக் கடலிலிருந்து முருகைக்கல் பெயர்த்துத் தருவதாக ஒரு பையன் சொன்னான். மனம் ஒப்பவில்லை. என் சிறுவயதில் தென்மேற்குக் கரையோரம் பஸ்ஸில் போனால் சுண்ணாம்புச் சூளைப் புகை தெரியும். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் பூசியிருந்ததும் முருகைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்புதான். 1988இல் சட்டம் தடுத்த பிறகும் களவாகத் தோண்டினார்கள். 2004 சுனாமியில், கற்பார் காவலிருந்த ஹிக்கடுவையில் அலை ஏறத்தாழ 50 மீற்றர் உள்ளே வந்ததாகவும், கல் தோண்டப்பட்டிருந்த பெரலியவில் சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் வந்ததாகவும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தக் கல்லையா என் வீட்டுக்குள் கொண்டு வருவது?

கட்டாரிலிருந்து வந்த மைத்துனர் கொண்டுவந்தது செரமிக் கல். சூளையில் எரிந்துபோகும் பொருளைக் களிமண்ணோடு கலந்து சுட்டால், அது எரிந்த இடமெல்லாம் துளையாகும். உள்ளங்கையளவு துண்டுக்குள் எத்தனையோ ஆயிரம் அறைகள்! வெளிப்பக்கத் துளைகளில், ஒட்சிசன் கிடைக்கும் பக்டீரியா அமோனியாவைத் தின்னும். ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் வேறொரு வகை, நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றும்.

கல்லை நன்றாகக் கழுவி, மணலுக்கு முன்பே கண்ணாடித் தளத்தில் நேராக வைத்தோம். மணலுக்கு மேல் வைத்தால், தோண்டும் மீன்கள் அடியைப் பறித்துக் கல்லைச் சரித்துவிடும். தண்ணீர் ஓடக் கற்களுக்கிடையே இடைவெளியும் விட்டோம். ஆனால் இது வெறுங்கல், உயிர் தானாக வராது. தெரிந்தவர் ஒருவரின் பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு வடிகட்டிப் பஞ்சு வாங்கிப் போட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனும் போட்டோம். மீனில்லாத தொட்டிக்குத் தீன் போடுவதைப் பார்த்து அயல்வீட்டு மாமி கவலைப்பட்டார்.

ஆறு கிழமை. அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்று சோதனைக் குப்பி காட்டிய அன்று ஒரேயொரு மீனை விட்டோம். மகள் இரவில் மூன்று தரம் எழும்பிப் பார்த்தாள். மீன் கல்லின் பொந்துக்குள் உறங்கிக்கொண்டிருந்தது.

குறையும் தண்ணீரை நிரப்புவது இப்போது என் மனைவியின் பொறுப்பு. உப்பு ஆவியாகாது, ஆகவே நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். "கறி வத்தினா உப்புக் கூடுமென்டு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அவர் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.