சொளகில் ஒதுங்கியவை

அப்பத்தா விதை உளுந்து பொறுக்கும்போது பேச்சுக் கொடுத்தால் பிடிக்காது. அன்னவாசல் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டி, மடியில் சொளகு. புடைத்ததில் ஓரமாக ஒதுங்கும் சொத்தையை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பாள். அந்தச் சமயத்தில்தான் போய்ச் சொன்னேன், மரபியல் படிக்கப்போகிறேன் என்று.

"அது மாட்டுக்கா, மனுசனுக்கா?"

"செடிக்கு."

"செடிக்கு என்னப்பு படிப்பு?"

சொந்தக்காரர்கள் பலர் என்னை இன்னும் ஏதோ ஒரு டாக்டர் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். நானும் வெள்ளைக் கோட்டு, மைக்ராஸ்கோப் என்று கனவு கண்டவன்தான். கிடைத்தது ஒரு சாமணமும் முதுகுவலியும். உளுந்துப் பூ விரிவதற்கு முன்பே தனக்குள் மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். அதனால் மறுநாள் விரியப்போகும் மொட்டை முந்தின சாயங்காலமே கண்டுபிடித்து, இதழைக் கீறி, உள்ளே இருக்கும் பத்து மகரந்தப் பையையும் எடுத்துவிட வேண்டும். ஒன்று தங்கினாலும் வேலை வீண். விடிந்ததும் வேறொரு ரகத்தின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்ட வேண்டும். முதல் நாள் முப்பது மொட்டு செய்தேன். காய்த்தது இரண்டு.

மெண்டல் 1856 முதல் எட்டு வருஷம் இதே வேலையைப் பட்டாணியில் செய்தார், சுமார் 28,000 செடிகளில். பள்ளிக்கூடத்தில் அதை மூன்றுக்கு ஒன்று என்ற கணக்காகத்தான் படித்தேன். அந்த மனிதரும் குனிந்திருப்பார் என்று அப்போது தோன்றவில்லை.

பூவும் விரலும் என்றால் எனக்குச் சித்தன்னவாசல் ஞாபகம் வந்துவிடும். எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்விடலாம். குகைக்கோயில் விதானத்துக் குளத்தில் தாமரை பறிக்கிறவரின் விரல்களைப் பாருங்கள், தண்டு நோகாமல் பிடித்திருப்பார்.

கோவைக்குப் போன பிறகுதான் ஜானகி அம்மாள் பெயரைக் கேள்விப்பட்டேன். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, 1931இல் மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1930களில் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடு கூடக் கலந்து பார்த்தார். ஏற்கெனவே அங்கே கரும்போடு நாணலைச் சேர்த்து கோ 205 ரகத்தை உண்டாக்கியிருந்தார்கள். ஆற்றங்கரையில் யாரும் மதிக்காத நாணல்!

எங்கள் மாவட்டத்திலேயே வம்பனில் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பேர்தான் வம்பன், வம்பன் 8 உளுந்து மஞ்சள் தேமல் நோயைத் தாங்கி நிற்கும்.

வெள்ளை ஈ பரப்பும் அந்தத் தேமல் ஒரு வருஷம் எங்கள் கொல்லையையும் விடவில்லை. காடே மஞ்சள் பூசினதுபோல் கிடந்தது. அப்பத்தா வரப்போரமாக நடந்து, பச்சையாக நின்ற நாலைந்து செடிகளில் மட்டும் பழைய சேலைக் கிழிசலை முடிந்துவிட்டு வந்தாள். அறுப்பில் அவற்றை யாரும் தொடக்கூடாது. அவை நோயைத் தாங்கிய செடிகளா, ஈ உட்காராமல் தப்பித்த செடிகளா என்று பிரித்துச் சொல்ல அவளுக்கு வழியில்லை. அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்: நோய்க்குச் சட்டென இடம்கொடுக்கும் ரகத்தை வேண்டுமென்றே இடையிடையே விதைத்து, தேமலை வரவழைத்து, அப்போதும் பச்சையாக நிற்பது எது என்று பார்ப்போம். ஒரு ரகம் வெளிவரப் பத்து வருஷம்கூட ஆகும்.

லீவுக்கு வந்தபோது, நூல் கட்டிய மொட்டுகளைப் போட்டோவில் காட்டினேன். சொளகைக் கீழே வைத்துவிட்டு, போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏப்பு, அங்க கிழிஞ்ச சேலை கெடைக்காதா?"