சக்கரம் வைத்த வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். இரண்டையும் பார்த்த நாம், இங்கிலாந்தில் சக்கரம் வைத்த வீடு ஒன்றையும் வாங்கிப் பார்த்தோம். பள்ளி ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டியது 1991-ம் வருஷத்து வண்டிதான். படுக்கை, அடுப்பு, ஜலத்தொட்டி எல்லாம் உள்ளே உண்டு.

வருஷந்தோறும் சட்டப்படி வண்டிக்குப் பரீட்சை நடக்கும். பிரேக், விளக்கு முதலியவற்றைப் பார்த்து, 'தேறியது' என்று சீட்டுக் கொடுப்பார்கள். நாமும் நிம்மதியாக இருந்தோம். குடியிருக்கும் பகுதி அந்தப் பரீட்சையின் பாடத்திலேயே இல்லை என்பதை, பரீட்சை வைத்தே பிழைக்கும் நாம் யோசிக்கவில்லை!

ஒரு மார்ச் மாதத்தில் நம் சகதர்மிணி ஜன்னலுக்குக் கீழே சுவரை அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. வெளியே அலுமினியத் தகடு. உள்ளே மரச் சட்டம். மூட்டுகளில் பூசிய பசை காய்ந்து வெடித்தால், மழை ஜலம் சத்தமின்றி இறங்கி மரத்தை உளுக்கச் செய்துவிடும்.

"போன வருஷமே ஈரவாடை அடிக்கிறது என்று சொன்னேனே, நீங்கள் கேட்டீர்களா?" என்றாள். சொல்லத்தான் சொன்னாள்.

விற்றுவிடலாமா என்று தோன்றியது. சொல்லாமல் விற்க மனம் வரவில்லை. சொன்னால் வாங்குவார் இல்லை. ஆகவே ஈஸ்டர் விடுமுறை முழுவதும் தகட்டைப் பிரித்து, உளுத்த மரத்தை எடுத்து, நன்றாய் உலரவிட்டு, புதுச் சட்டம் பொருத்தி, மூட்டுகளை அடைத்தோம். டயரில் 0912 என்றிருந்ததையும் அப்பொழுதுதான் படித்தோம்: 2012-ம் வருஷத்து ஒன்பதாவது வாரத்தில் செய்தது! தேயாவிட்டாலும் ரப்பருக்கும் மூப்பு உண்டு, மாற்றினோம்.

இப்பொழுது மழை விட்டதும் சுவரைத் தொட்டுப் பார்க்கிறோம். வகுப்பிலும், தேறிவிட்ட பையனுடைய நோட்டுப் புத்தகத்தை இன்னொரு தரம் புரட்டிப் பார்க்கிறோம்.